அணியம் இல்லாத படகு

கடலோரத்தில் பிறந்தவன் நான். எந்தப் படகைப் பார்த்தாலும் கண் முதலில் அணியத்துக்குத்தான், அதாவது அதன் கூரான முன்முனைக்குத்தான் போகும். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் இரண்டாம் உலகப்போர் அருங்காட்சியகத்தில் நிற்கும், அந்தப் போரில் வீரர்களைக் கரையில் இறக்கிய ஹிக்கின்ஸ் படகுக்கு அது இல்லை. அந்த இடத்தில் தட்டையான இரும்புக் கதவு. மற்றதெல்லாம் சாம்பல் வண்ணம் பூசிய பிளைவுட். பெரிய பெட்டிக்கு என்ஜின் பொருத்தியது போலிருந்தது. குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்த பிறகுதான், இதைக் கட்டியவர் தண்ணீரின் குணம் அறிந்தவர் என்று புரிந்தது.

ஆண்ட்ரூ ஹிக்கின்ஸ் மர வியாபாரியாக இருந்து படகு கட்ட வந்தவர். லூசியானாவின் சதுப்புகளில் எண்ணெய் தேடுவோருக்கும் விலங்குகளைப் பொறி வைத்துப் பிடிப்போருக்கும் ‘யுரேகா’ என்ற படகைக் கட்டித் தந்தார். அங்கே முழங்கால் ஆழத் தண்ணீர், அதில் மூழ்கிக் கிடக்கும் மரங்கள், நம் ஏரிகளை மூடிக்கிடக்கும் அதே ஆகாயத்தாமரை. ஆகவே முன்பக்க அடியில் கெட்டியான பைன் கட்டையை வைத்தார்; மரத்தில் மோதினாலும் படகு ஏறிக் கடந்துவிடும். புரொப்பெல்லரை அடிப்பாகத்தில் குடைந்த பள்ளத்துக்குள் ஒளித்தார். கரையில் முட்டி ஏறவும், சேதமில்லாமல் பின்வாங்கவும் முடிந்தது. கடற்கரையில் படையிறக்க வேண்டியதும் அதுதானே!

ஒரு குறை இருந்தது. வீரர்கள் பக்கவாட்டில் ஏறிக் குதித்துத்தான் இறங்க வேண்டும். மேலே ஏறியவன் குண்டுக்கு இலக்காகிவிடுவான். விக்டர் குருலாக் என்ற அமெரிக்க மரைன் படை அதிகாரி 1937-இல் ஷாங்காயில் ஜப்பானியப் படகு ஒன்றைப் படம் பிடித்திருந்தார். அதன் முகப்பு கதவுபோலக் கீழே விழுந்தது. 1941-இல் அந்தப் படத்தை ஹிக்கின்ஸிடம் காட்டினார்கள். அந்த ஆண்டு மே மாதமே கதவு வைத்த படகு பான்சர்ட்ரெய்ன் ஏரியில் சோதனைக்கு வந்துவிட்டது. 36 அடி நீளம், 36 வீரர்கள். கதவு விழுந்தால் அத்தனை பேரும் நேரே ஓடலாம்.

அமெரிக்கக் கடற்படையின் கப்பல் துறைக்கு ஹிக்கின்ஸைப் பிடிக்கவில்லை, தன் வரைபடமே உயர்ந்தது என்று நின்றது. 1942 மே மாதம் நார்ஃபோக் அருகே இரு தரப்புப் படகுகளிலும் டாங்கியை ஏற்றிக் கடலில் விட்டார்கள். துறையின் படகு தள்ளாடித் திணறியது. ஹிக்கின்ஸ் படகு கரை சேர்ந்தது.

ஆனால் என்னை அதிகம் பிடித்து நிறுத்தியது படகல்ல, பட்டறை. 1938-இல் சுமார் 75 பேர் வேலை செய்த இடம்; 1943-இல் ஏழு ஆலைகளில் 20,000 பேருக்கு மேல். பெண்கள், கறுப்பர்கள், முதியவர்கள், உடல் ஊனமுற்றவர்கள் என எல்லோரையும் எடுத்தார்கள். டிராம் வண்டியில்கூடக் கறுப்பர்களுக்குத் தனி இருக்கை ஒதுக்கிய ஊரில், ஒரே வேலைக்கு ஒரே கூலி கொடுத்தார்கள். 1943 செப்டம்பரில் அமெரிக்கக் கடற்படையிடம் இருந்த 14,072 கலங்களில் 12,964 ஹிக்கின்ஸ் வடிவமைத்தவை. பெரும்பாலும் சிறு படகுகள்தான். இருக்கட்டுமே, 1944-இல் நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டி கரையில் இறங்கியபோது மணலைத் தொட்டவை அவைதானே.

போர் முடிந்ததும் பிளைவுட் உளுத்துப்போனது. அசல் படகுகள் மிகச் சிலவே எஞ்சின. நான் பார்த்தது 1990-களில் பழைய வரைபடங்களை வைத்துத் தன்னார்வலர்கள் புதிதாகக் கட்டியது. அவர்களில் சிலர், போர்க்காலத்தில் ஹிக்கின்ஸ் பட்டறையில் வேலை பார்த்தவர்கள்.