ஐரிஸ் வகைப்பாட்டைப் படிக்கப் போகிறவர்களுக்கு

தாவர வகைப்பாட்டியல் தாளில் ஏதாவது ஒரு பேரினத்தை எடுத்து அதன் பரிணாம உறவுகளை விளக்கச் சொன்னால், தயங்காமல் ஐரிஸை எடுங்கள். நான் கருத்தரங்குக்கும் எடுத்தேன், தேர்விலும் எழுதினேன். முந்நூறுக்குக் கொஞ்சம் குறைவான சிற்றினங்கள், எல்லாம் வட அரைக்கோளத்தில், அதுவும் ஆளாளுக்கு ஒரு மாதிரி பிரித்து வைத்திருக்கிறார்கள். சண்டை இருக்கிற இடத்தில்தான் எழுத விஷயமும் இருக்கும்.

குடும்பத்தின் இடத்தைச் சீக்கிரம் முடித்துவிடுங்கள். பழைய பெந்தம்-ஹூக்கர் வகைப்பாட்டு முறையில் ஐரிஸின் குடும்பமான இரிடேசி, கீழ்மட்டச் சூற்பை உள்ள எபிகைனே வரிசையில் வரும்; கிரான்குவிஸ்ட் லில்லியேல்ஸ் துறையில் வைத்தார்; டிஎன்ஏவை வைத்து 1998இல் வந்த ஏபிஜி முறையில் இருந்து அஸ்பராகேல்ஸ், அதாவது வெங்காயமும் ஆர்க்கிடும் இருக்கிற அதே துறை. லில்லிக்கு ஆறு மகரந்தத்தாள், ஐரிஸுக்கு மூன்று. இதற்கு மேல் இங்கே நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

பூவுக்கு வாருங்கள், அங்கேதான் நிதானிக்க வேண்டும். கீழே தொங்கும் மூன்று இதழ், மேலே நிமிர்ந்த மூன்று இதழ், சரி. ஆனால் நடுவில் இன்னும் மூன்று இதழ் மாதிரி இருக்கிறதே, அது இதழே இல்லை, சூலகத்தண்டின் கிளைகள். அதில் ஒன்றை விரலால் மெல்லத் தூக்கிப் பார்த்தால் அடியில் ஒரே ஒரு மகரந்தத்தாள் அந்தக் கிளையோடு ஒட்டிப் படுத்திருக்கும், நுனிக்குச் சற்று முன்னால் மெல்லிய உதடு போல ஒரு மடிப்பு இருக்கும், அதுதான் சூலகமுடி. தேனீ உள்ளே நுழையும்போது முதுகில் இருக்கிற பழைய மகரந்தம் அந்த உதட்டில் வழிக்கப்படும், வெளியே வரும்போது உதடு மடங்கிக்கொள்ளும். ஆக ஒரு பூ, பூச்சிக்கு மூன்று தனிப் பூக்களாக வேலை செய்கிறது. இதைப் படமாக வரைந்து பழகுங்கள், வாய்மொழித் தேர்வில் என்னிடம் முதலில் கேட்டதே இதைத்தான். ஆப்பிரிக்காவின் மொரேயா பேரினத்திலும் இதே அமைப்பு உண்டு, ஆனால் அது பெரும்பாலும் கந்தம் என்ற தரையடிக் கிழங்கில் இருந்து முளைக்கும்.

அப்புறம் துணைப்பேரினங்கள். ஐரிஸைப் பிரித்து வகைப்படுத்தியவர்களில் 1913இல் டைக்ஸ், 1961இல் ரொடியோனென்கோ, 1981இல் பிரையன் மாத்யூ என்று மூன்று பெயர் போதும். ரொடியோனென்கோ வெங்காயம் போன்ற குமிழ் உள்ளவற்றைத் தனிப் பேரினங்களாக வெளியே எடுத்தார்; மாத்யூ திரும்ப உள்ளே கொண்டுவந்து ஆறு துணைப்பேரினங்களாக வைத்தார். தரைக்கடியில் கிடையாக வளரும் மட்டநிலத்தண்டும் இதழில் தாடி போன்ற மயிர்களும் உள்ளது ஐரிஸ் துணைப்பேரினம், மட்டநிலத்தண்டு உண்டு தாடி இல்லை என்றால் லிம்னிரிஸ், சதைப்பற்றான வேர்களோடு நேபாலென்சிஸ், மீதி மூன்றும் குமிழ்: ஸிஃபியம், ஸ்கார்பிரிஸ், ஹெர்மோடாக்டிலாய்டஸ். இதை மனப்பாடம் செய்வது சுலபம். ஆனால் கொஞ்சம் யோசியுங்கள், தாடி இல்லை, குமிழ் இல்லை என்று இரண்டு 'இல்லை'யை வைத்து ஒரு குழு அமைத்தால் அது எப்படி ஒரே மூதாதையின் வாரிசாக இருக்கும்? பசுங்கணிக (குளோரோபிளாஸ்ட்) டிஎன்ஏ ஆய்வுகள் வந்தபோது லிம்னிரிஸ்தான் முதலில் சிதறியது, பரிணாம உறவைக் காட்டும் மரத்தின் பல கிளைகளில் போய் உட்கார்ந்தது. அதற்குள் இருந்த, இதழில் கொண்டை உள்ள லோஃபிரிஸ் பிரிவும் அப்படித்தான். குமிழும் ஒரே தடவை தோன்றியது அல்ல.

நான் படித்த முறை இதுதான்: ஒரு பெரிய தாளில் இடது பக்கம் மாத்யூவின் பட்டியல், வலது பக்கம் டிஎன்ஏ மரம், நடுவில் கோடுகள். எந்தக் குழுவின் கோடுகள் நேராகப் போகின்றன, எவை ஒன்றையொன்று வெட்டுகின்றன என்று பார்த்தாலே பாதி விடை கையில் வந்துவிடும்.

உதாரணங்களுக்கு வருவோம். பெலாம்கண்டா சைனென்சிஸ் என்று பழைய நூல்களில் இருக்கும் செடி இப்போது ஐரிஸ் டொமெஸ்டிகா, பெயர் மாறியது 2005இல். ஆரஞ்சு நிறம், ஆறு இதழும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி, சூலகத்தண்டு இதழ் போல விரிவதும் இல்லை. பார்த்தால் ஐரிஸ் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் மரத்தில் அது ஐரிஸுக்கு உள்ளேதான் வருகிறது, ஐரிஸ் டைகோடோமாவோடு கலப்பினமும் கொடுக்கிறது. எதிர்த்திசையிலும் ஒரு உதாரணம் சொல்லுங்கள்: லின்னேயஸ் ஐரிஸ் சிசிரிங்கியம் என்று பெயரிட்டது இன்று மொரேயா சிசிரிங்கியம். இந்த இரண்டையும் சேர்த்து எழுதினால் தோற்றம் வேறு, உறவு வேறு என்பதைத் தனியாக விளக்கவே வேண்டியதில்லை. 2015இல் ஐரிஸையே இருபதுக்கும் மேற்பட்ட பேரினங்களாக உடைக்கும் முன்மொழிவு ஒன்று வந்தது, பெரும்பாலானோர் ஏற்கவில்லை. எனக்கும் அதில் உடன்பாடு இல்லை, பேரினம் முழுவதும் ஒரே கிளையாக நிற்கும்போது உடைக்க என்ன அவசரம்?

கடைசியாக, புள்ளியியல் படித்தவர்களுக்குத் தெரிந்த அந்த மூன்று ஐரிஸ் சிற்றினங்களின் 150 பூக்களின் அளவுத் தரவு. 1936இல் புள்ளியியலாளர் ஃபிஷர் பயன்படுத்தினார், அளவுகள் தாவரவியலாளர் எட்கர் ஆண்டர்சனுடையவை. செட்டோசா தனியாகப் பிரிந்துவிடும், வெர்சிகலரும் வெர்ஜினிக்காவும் ஒன்றோடொன்று கலந்து நிற்கும். ஏனென்றால் வெர்சிகலர் ஒரு அல்லோபாலிபிளாய்டு, அதாவது இரண்டு சிற்றினங்கள் கலந்து இரண்டின் குரோமோசோம்களும் சேர்ந்தது: செட்டோசாவின் 38 குரோமோசோமும் வெர்ஜினிக்காவின் 70உம் சேர்ந்து 108. இதைக் கிளாடோகிராம் என்ற உறவு மரத்தில் ஒரு கிளையாக வரைந்துவிட்டுப் போகாதீர்கள். பசுங்கணிகம் பொதுவாகத் தாய் வழியில்தான் வரும், அதனால் அந்த டிஎன்ஏவை மட்டும் வைத்துப் போட்ட மரத்தில் ஒரு பெற்றோர்தான் தெரியும். இரண்டு பெற்றோரிடம் இருந்தும் புள்ளிக்கோடு போட்டு, குரோமோசோம் எண்ணிக்கையைப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.