லாரியின் முதுகில் தொங்கும் ஃபோர்க்லிஃப்ட்டை ஓட்டக் கற்ற கதை

ராணிப்பேட்டை சிப்காட்டில் 9 வருடம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியிருக்கிறேன். கெமிக்கல் டிரம், உப்பு மூட்டை, டேனரிக்குப் போகும் தோல் அடுக்கிய பேலட் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) என்று நான் தூக்காதது எதுவும் இல்லை. இப்போது வேலை பார்ப்பது ஏஏசி பிளாக் (காற்றுக்குமிழி கலந்த லேசான கான்கிரீட் கல்) ஏஜென்சி ஒன்றில். போன வருடம் முதலாளி ஒரு பழைய லாரியையும், அதன் பின்பக்கம் தொங்கும் ஃபோர்க்லிஃப்ட்டையும் சேர்த்தே வாங்கி வந்து நிறுத்தினார். "இன்னாப்பா, ஃபோர்க்லிஃப்ட்தானே? நீ ஓட்டாததா?" என்றார். நானும் தலையை ஆட்டிவிட்டேன்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மூன்றே சக்கரம். முன்னால் இரண்டு, பின்னால் திரும்புவதற்கு ஒன்று. லாரியின் வால் பக்கத்தில் தானாகவே ஏறித் தொங்கிக்கொண்டு வரும். சைட்டுக்குப் போனதும் இறங்கி, லோடை இறக்கிவிட்டு, திரும்பவும் ஏறிக்கொள்ளும். கல்ஃபில் வேலை செய்தவர்கள் இதை மொஃபெட் என்பார்கள். அது அயர்லாந்துக் கம்பெனியின் பெயர். நம் ஊரில் மண் அள்ளும் வண்டி எதுவானாலும் ஜேசிபி என்பது போலத்தான்.

முதல் வாரமே பாடம் கிடைத்தது. காட்பாடி பக்கம் ஒரு அபார்ட்மெண்ட் சைட். லாரியின் மறுபக்கம் போக வழியில்லாமல் கம்பிக்கட்டு அடுக்கியிருந்தார்கள். இந்த மெஷினில் ஒரு வசதி உண்டு. லோடைத் தூக்கும் இரட்டை இரும்புக் கரமான ஃபோர்க்கை முன்னால் நீட்டி, லாரியின் அந்தப் பக்கம் இருக்கும் பேலட்டையும் இந்தப் பக்கம் நின்றே எடுக்கலாம். நீட்டினேன், பேலட்டுக்குள் விட்டேன், தூக்கினேன். ஸ்டியரிங் திடீரென்று லேசாகிவிட்டது, வெறும் காற்றைத் திருப்புவது போல. திரும்பிப் பார்த்தால் பின்சக்கரம் தரையில் இல்லை. பதறி லீவரை இறக்கும் பக்கம் தள்ளியதில் பேலட் லாரித் தட்டிலேயே தடாலென்று உட்கார்ந்தது. 11 கல் உடைந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் லாரிக்கு மறுபக்கம் கிளீனர் பையன் நின்றுகொண்டிருந்தான் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் முதலாளியிடம், ஒழுங்காகக் கற்றுக்கொள்ளாமல் இதைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் சுளித்தார், ஆனால் மறுக்கவில்லை. உடைந்த கல்லுக்குக் கணக்குப் பார்த்திருப்பார்.

தேட ஆரம்பித்தேன். முதலில் பக்கத்திலேயே இருந்த ஒரு டிரெயினிங் சென்டர். போனில் மெஷினைப் பற்றி விளக்கினேன். "எல்லாம் ஒண்ணுதான் சார். ஆதார், போட்டோ ரெண்டும் வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க, சாயந்திரம் சர்டிஃபிகேட் வந்து வாங்கிக்கங்க" என்றார்கள். நான் ஒரு தடவைகூட வண்டியில் ஏறிக் காட்ட வேண்டியதில்லையாம். அந்தக் காகிதத்தில் என் பெயர் தங்க நிறத்தில் வரும் என்பதையும் சொன்னார்கள்.

அடுத்து தெரிந்த டிரைவிங் ஸ்கூல்காரர். அவர் உருப்படியாக ஒரு விஷயம் சொன்னார். 1989ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில், கட்டுமான இயந்திர வாகனம் என்ற விளக்கத்துக்குள் ஃபோர்க்லிஃப்ட்டும் வருகிறது. கம்பெனி காம்பவுண்டுக்குள் இத்தனை நாள் ஓட்டினேன், யாரும் கேட்கவில்லை. ஆனால் இந்த மெஷின் தெருவில் இறங்கி வேலை செய்கிறது. எனவே என் ஹெவி லைசென்ஸில் ஃபோர்க்லிஃப்ட்டையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். எல்எல்ஆர் போட்டு, 30 நாள் காத்திருந்து, மெஷினையே கொண்டுபோய் ஓட்டிக்காட்டி வாங்கினேன். அன்று டெஸ்டுக்கு வந்த பைக் பையன்கள் அத்தனை பேரும் செல்போனில் படம் பிடித்தார்கள். ஆனால் அது ரோட்டில் ஓட்டுவதற்கான லைசென்ஸ்தான். பின்சக்கரம் ஏன் எழுந்தது என்பதற்கு அதில் பதில் இல்லை.

பதில் ஒரகடம் பக்கத்தில் கிடைத்தது. அங்கே ஒரு இடத்தில் இரண்டு நாள் வகுப்பு. போனில் பேசும்போதே அங்கிருந்த சார், "எங்களிடம் இருப்பது சாதாரண நாலு சக்கர வண்டி. அடிப்படையைச் சொல்லித் தருவேன். லாரியில் ஏற்றுவது இறக்குவதை என்னால் கற்றுத்தர முடியாது, எனக்கே தெரியாது" என்றார். தெரியாது என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். அதற்காகவே போனேன்.

முதல் நாள் காலையிலேயே, "உங்கள் மெஷினின் கெப்பாசிட்டி பிளேட்டில் என்ன போட்டிருக்கிறது?" என்று கேட்டார். எவ்வளவு எடை தூக்கலாம் என்று மெஷினில் எழுதியிருக்கும் தகடு அது. 9 வருடத்தில் ஒரு பிளேட்டையும் நான் படித்ததில்லை. கிளீனர் பையனுக்குப் போன் போட்டேன். அவன் சிமெண்ட் தூசியைத் துணியால் துடைத்துவிட்டுப் படம் எடுத்து அனுப்பினான். ஃபோர்க் உள்ளே இருக்கும்போது, லோடின் நடுப்புள்ளி ஃபோர்க்கின் செங்குத்து முகத்திலிருந்து 600 மில்லிமீட்டரில் இருந்தால் 2,000 கிலோ. முழுதாக நீட்டினால் 900 கிலோ. மெஷின் சாயாமல் தாங்க முன்பக்கம் இறக்கும் முன்கால்களைத் தரையில் ஊன்றிக்கொண்டு நீட்டினால் 1,500.

சார் என் கையில் பேனாவைக் கொடுத்துக் கணக்குப் போடச் சொன்னார். எங்கள் பேலட்டில் 60 கல். ஒரு கல் சுமார் 15, 16 கிலோ. ஏஏசி கல் தண்ணீர் குடிக்கும், மழையில் நனைந்திருந்தால் இன்னும் கூடும். அடியில் மரப் பேலட் வேறு. எப்படிக் கூட்டினாலும் 900ஐத் தாண்டியது. காட்பாடியில் நான் முன்கால்களை இறக்கவே இல்லை. அவை எதற்கு இருக்கின்றன என்றே அன்று எனக்குத் தெரியாது. பார்க்கிங்குக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடிப்படை சரி. லாரியில் ஏற்றுவதற்கு? மெஷினை விற்றவர், "ஓட்டப் பழகினா வந்துரும்" என்று போனை வைத்துவிட்டார். மெஷினின் சீரியல் நம்பரைக் காட்டி மேனுவலை மட்டும் எப்படியோ வாங்கினோம். எல்லாம் இங்கிலீஷ். கடைசியில் என் மச்சான் மூலமாக ஆள் கிடைத்தார். வாணியம்பாடிக்காரர். கத்தாரில் 11 வருடம் இதே மாதிரி மெஷினோடு லாரி ஓட்டிவிட்டு வந்து, மளிகைக்கடை வைத்திருந்தார். நான்கு நாள் வர ஒத்துக்கொண்டார். கூலியோடு, பழகுவதற்கு ஆள் நிற்காத ஒரு காலி இடம் வேண்டும் என்பது அவர் போட்ட கண்டிஷன்.

அந்த வாணியம்பாடி பாய் முதல் நாள் இன்ஜினையே ஸ்டார்ட் பண்ண விடவில்லை. மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தோம். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் கையால் தடவச் சொன்னார். ஹோஸ் எங்கே உரசுகிறது, டயரில் ஆணி இருக்கிறதா, லாரியின் பின்னால் இருக்கும் இரண்டு இரும்புக் கூடுகளுக்குள் மண் அடைத்திருக்கிறதா. இரண்டிலும் அடைத்திருந்தது.

இரண்டாம் நாள்தான் ஏற்றுவது. லாரி சமதரையில் நிற்க வேண்டும். ஹேண்ட்பிரேக், சக்கரத்துக்குக் கட்டை. மெஷினின் ஃபோர்க்கை உயர்த்தி, அந்த இரும்புக் கூடுகளுக்குள் முழுசாகச் செலுத்த வேண்டும். அப்புறம்தான் என் மூளை குழம்பியது. மெஷின் மேலே போக வேண்டும் என்றால் இறக்கும் லீவரைத் தள்ள வேண்டும்! ஃபோர்க் லாரியில் மாட்டிக்கொண்டு நிற்பதால், அது கீழே போக முடியாது. அதை இறக்க இறக்க மெஷின் தன்னைத்தானே மேலே தூக்கிக்கொள்ளும். கிணற்றுச் சுவரில் இரண்டு கையையும் ஊன்றி அழுத்தினால் உடம்பு மேலே எழும்பும் அல்லவா, அதே வேலை. லாரியிலிருந்து இறக்கும்போது இதற்கு நேர் எதிர், தூக்கும் லீவர். 9 வருடப் பழக்கம் கையில் ஊறியிருந்ததால் முதல் 20 தடவையில் பாதி தடவை கை தப்பான பக்கமே போனது. ஒவ்வொரு முறையும் பாய், "தம்பி, நிறுத்து. வாயால சொல்லிட்டு அப்புறம் தள்ளு" என்பார். இன்றும் நான் லீவரைத் தொடும் முன் வாய்க்குள் சொல்லிக்கொள்கிறேன்.

மேலே ஏறிய பிறகும் வேலை முடியவில்லை. இரண்டு பக்கமும் சங்கிலி மாட்டி இறுக்க வேண்டும். மெஷின் லாரியின் லைட்டை மறைத்துவிடும் என்பதால் அதன் பின்லைட்டுக்கு ஒயர் சொருக வேண்டும். இறங்கும்போது குதிக்கக் கூடாது, இரண்டு கை ஒரு கால், அல்லது இரண்டு கால் ஒரு கை எப்போதும் பிடியில் இருக்க வேண்டும். இதை எத்தனை பேர் மதிப்பார்கள் தெரியவில்லை. பாய்க்கு முழங்கால் போனது குதித்துத்தானாம்.

அவர் கிளப்பிய இன்னொரு விஷயம் முதலாளிக்குப் பிடிக்கவில்லை. மெஷினே ஏறக்குறைய இரண்டரை டன். அது தொங்குவது லாரியின் வால் நுனியில். ஆகவே லாரி ஏற்றும் லோடில் அந்த எடையைக் கழிக்க வேண்டும், பின் ஆக்ஸிலில் அழுத்தம் எவ்வளவு என்று எடைமேடையில் பார்க்க வேண்டும். வாலாஜா பக்கம் எடைமேடைக்கு நேரில் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினார். அன்றிலிருந்து ஒரு நடைக்கு இரண்டு பேலட் குறைவு.

கடைசி இரண்டு நாள் நிஜ சைட். சத்துவாச்சாரி மலையடிவாரத்தில் சரிவான தெரு, திருவலம் பக்கம் ஆற்று மணல் கலந்த மெத்தைத் தரை. குழாய்க்குத் தோண்டி மூடிய பள்ளத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று செருப்புக்காலால் மிதித்துக் காட்டினார். சரிவில் லோடோடு ஏறும்போது லோடு மேட்டுப் பக்கம் பார்த்து இருக்க வேண்டும், குறுக்கே திரும்பவே கூடாது. வேலூர் வெயிலில் மத்தியானம் 12க்கு மேல் அவர் சொல்லிக் கொடுக்க மறுத்துவிட்டார். கத்தாரைவிட இது மோசம் என்றார், நம்பவில்லை.

கிளம்பும்போது ஆற்காட்டில் நிறுத்தி மக்கன் பேடா ஒரு டப்பா வாங்கிக் கொடுத்தேன். சர்டிஃபிகேட் ஏதாவது தருவீர்களா என்று கேட்டேன். சிரித்தார். என் நோட்டில் நான்கு நாளும் என்னென்ன செய்தேன், எதில் இன்னும் சந்தேகம் இருக்கிறது என்று எழுதச் சொல்லி அடியில் கையெழுத்துப் போட்டார். சந்தேகப் பட்டியலில் மூன்று இருந்தது. அவற்றை மறுபடி ஒரு நாள் வந்து பார்க்கிறேன் என்றார், வந்தார். அமெரிக்காவில் ஓஷா என்ற வேலையிடப் பாதுகாப்பு அமைப்பின் விதிப்படி ஃபோர்க்லிஃப்ட் ஆபரேட்டரை 3 வருடத்துக்கு ஒருமுறையாவது திரும்ப மதிப்பிட வேண்டுமாம். முதலாளியிடம் அதைச் சொல்லி, தேதியை ஆபீஸ் காலண்டரில் எழுதி வைத்திருக்கிறேன்.

லோடுமேன்கள் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அவர்கள் கோபம் நியாயமானதுதான், முன்பு ஆறு பேர் இறக்கிய கல்லை இப்போது நான் ஒருவன் இறக்குகிறேன். அவர்களில் ஒருவர் மட்டும் போன வாரம் மெஷின் பக்கத்தில் வந்து நின்று, அந்த பிளேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். தூசியைத் துடைத்து, படித்துக் காட்டினேன்.