கால் அங்குலக் கோடு

டைகாஸ்ட் மாடல் விமானத்தை முதல்முறை கையில் வாங்குகிறவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: அட, இவ்வளவு கனமா! ஒரு சாண்கூட இல்லாத இறக்கை, ஆனால் கையில் வைத்தால் கல் மாதிரி இருக்கும். துத்தநாகத்தோடு கொஞ்சம் அலுமினியம் சேர்த்து உருக்கி அச்சில் ஊற்றிய உலோகம் அது. அந்தக் கனத்துக்காகத்தான் நானும் இதில் விழுந்தேன், மறைப்பானேன். பிளாஸ்டிக் கிட் ஒட்டுகிற நண்பர்கள் "நீ எதையும் செய்யவில்லையே, வாங்கி வைக்கிறாய், அவ்வளவுதானே" என்று கிண்டல் செய்வார்கள். உண்மைதான். உடலும் இறக்கையும் சேருகிற இடத்தில் அவர்கள் கிட்டில் தெரியாத இடுக்கு என் விமானத்தில் தெரியும், தகடுகளின் கோடுகளும் கொஞ்சம் ஆழமாகவே இருக்கும். 0.3 மில்லிமீட்டர் கோடு என்றாலும் 72 மடங்காக்கினால் இரண்டு சென்டிமீட்டர் பள்ளம், நிஜ விமானத்தில் அப்படி இருந்தால் விரலே உள்ளே போய்விடும்.

நான் சேர்ப்பது பெரும்பாலும் 1:72. நிஜத்தில் ஆறடி என்றால் இங்கே ஓர் அங்குலம். கணக்கு எளிது, அலமாரிக்கும் நல்லது, சின்னப் போர் விமானங்களாக இருக்கும் வரைக்கும். இரண்டாம் உலகப் போரின் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் இதே அளவில் 43 சென்டிமீட்டர் அகலம், அதை வைப்பதற்கு நான்கு விமானங்களை இடம்பெயர்க்க வேண்டியிருந்தது. 7,377 லங்காஸ்டர்களைக் கட்டினார்கள், இன்றைக்குப் பறக்கிற நிலையில் இருப்பவை இரண்டுதான் என்று நினைத்துக்கொண்டு அந்த இடத்தை விட்டுக்கொடுத்தேன்.

ஆரம்பத்தில் வகைக்கு ஒன்று என்று வாங்கிக்கொண்டிருந்தேன். பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயர் ஒன்று, ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட் ஒன்று, சோவியத் மிக்-21 ஒன்று, ஸ்டாம்பு சேர்க்கிற மாதிரி. அதை மாற்றியது ஜேஇ-ஜே என்று எழுதிய ஒரு ஸ்பிட்ஃபயர். அந்தப் போரில் பிரிட்டிஷ் போர் விமானங்களின் பக்கவாட்டில் சாதாரணமாகப் படைப்பிரிவின் இரண்டு எழுத்து, அப்புறம் அந்த விமானத்துக்கான ஓர் எழுத்து இருந்தது. பல படைப்பிரிவுகளை நடத்துகிற விங் கமாண்டர் போன்றவர்கள் தங்கள் பெயரின் முதலெழுத்துகளைப் போட்டுக்கொள்ள முடிந்தது. ஜேம்ஸ் எட்கர் ஜான்சன், அதனால் ஜேஇ-ஜே. 'ஜானி' ஜான்சன் என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள், தனியாக 34 எதிரி விமானங்களை வீழ்த்தியவர். 1943-இல் கனடியப் படைப்பிரிவுகளை நடத்தியபோது ஓட்டிய விமானத்திலும் அதே எழுத்து, 1944-இல் ஓட்டியதிலும் அதே எழுத்து. என்னிடம் இருப்பது 1944-ஐச் சேர்ந்தது, அதன் வரிசை எண் எம்கே392. எப்படித் தெரியும் என்றால், கோடுகள்.

இறக்கையிலும் வாலுக்கு முன்னாலும் வெள்ளை கறுப்பு வெள்ளை கறுப்பு வெள்ளை என்று ஐந்து பட்டைகள். 1943 ஜூலையில் சிசிலியில் நேசநாடுகளின் பீரங்கிக்காரர்களே தங்கள் படைவீரர்களை ஏற்றிவந்த விமானங்களைச் சுட்டுவிட்டார்கள், ஒரே இரவில் 23 விமானங்கள் போயின. 1944 ஜூனில் பிரான்ஸின் நார்மண்டியில் படை இறக்கும்போது அது மறுபடி நடக்கக் கூடாது என்றுதான் இந்தப் பட்டைகள். முன்கூட்டியே பூசினால் எதிரியும் பூசிக்கொள்வான் என்பதால் கடைசி ஓரிரு நாட்களில்தான் உத்தரவு போனது. விமான நிலையங்களில் இருந்த தரைப்பணியாளர்கள் கையில் கிடைத்த பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு பூசியிருக்கிறார்கள். கொஞ்ச நாள் கழித்து, மேலிருந்து பார்த்தால் பளிச்சென்று தெரிகிறது என்று மேல்பக்கப் பட்டைகளை அழிக்கச் சொன்னார்கள். ஆகவே, ஐந்து பட்டையும் மேலும் கீழும் முழுதாக இருந்தால் அது 1944 ஜூன், இல்லாவிட்டால் அதையொட்டிய சில வாரங்கள். ஒரு பெயின்ட்டை வைத்து இவ்வளவு நெருக்கமாகத் தேதி சொல்ல முடிகிறது என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

ஒற்றை எஞ்சின் விமானத்துக்கு ஒரு பட்டை 18 அங்குலம். 72-ஆல் வகுத்தால் சரியாகக் கால் அங்குலம். நான் அளந்து பார்த்தேன், வேறு வேலை இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியாக இருந்தது. சிக்கலே அங்கேதான். சிலிக்கோன் திண்டால் ஒற்றி எடுத்த அச்சு, ஓரம் பிளேடால் வெட்டியது போல. அந்த நாட்களின் புகைப்படங்களைப் பாருங்கள், பட்டைகள் வளைந்து நெளிந்து, சில இடங்களில் பிரஷ் இழுத்த தடம்கூடத் தெரியும். பாதித் தூக்கத்தில் பூசியவர்களின் கைவேலை என் மாடலில் இல்லை.

இதையெல்லாம் விட்டு ஒருநாள் தூசி தட்டப்போய், காக்பிட்டுக்குப் பின்னால் நிற்கிற ஏரியல் கம்பத்தை உடைத்தேன். இவை பிளாஸ்டிக், உடைவதற்கென்றே செய்தவை. மெல்லிய பிரஷ்ஷால் மூக்கிலிருந்து வால் பக்கமாகத் தட்ட வேண்டும், குறுக்கே தட்டக் கூடாது என்று நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். சூப்பர் க்ளூவால் ஒட்டினேன். ஒரு சொட்டு வழிந்து பின்பக்கம் ஓடிவிட்டது. பதறிப்போய் நெயில் பாலிஷ் ரிமூவரால் துடைத்தேன். அதைச் செய்யவே கூடாது. க்ளூவோடு கறுப்புப் பட்டையில் பாதியும் பஞ்சுக்கு வந்துவிட்டது.

சரி, வேறு வழியில்லை என்று ஒரு கறுப்பு பெயின்ட்டும் மூன்று முடி அகல பிரஷ்ஷும் எடுத்து உட்கார்ந்தேன். மூச்சை அடக்கிக்கொண்டுதான் பூசினேன், கை நடுங்கியது. ஓர் இடத்தில் கறுப்பு வெள்ளைக்குள் அரை மில்லிமீட்டர் நுழைந்துவிட்டது, அதாவது நிஜத்தில் மூன்றரை சென்டிமீட்டர். மறுநாள் பகல் வெளிச்சத்தில் பார்த்தேன். வெள்ளை பெயின்ட்டைத் திறக்கவில்லை. அந்தப் பக்கம் வெளியே தெரிகிற மாதிரி திருப்பி வைத்திருக்கிறேன்.