கண்டி ஆச்சி அளந்த கதை

"எனக்குத் திருநெல்வேலி" என்று சொன்னதும் வேன் ஓட்டிய தம்பி கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, "யாழ்ப்பாணமாக்கா?" என்றார். அங்கேயும் ஒரு திருநெல்வேலி இருக்கிறது. பேச்சுவாக்கில் அவர்களும் நம்மைப் போலவே தின்னவேலி ஆக்கிவிட்டார்கள். "இல்ல தம்பி, நெல்லையப்பர் இருக்க திருநெல்வேலி" என்றேன். அல்வா தெரியும் என்றார். போதும், ஊர் விளங்கிவிட்டது.

வீட்டில் இலங்கையைச் சுற்றிப் பார்க்கப் போவதாகத்தான் சொல்லியிருந்தேன். நான் போனது கண்டி ஆச்சியின் கதைகளைச் சரிபார்க்க.

கண்டி ஆச்சி என் அம்மாவைப் பெத்தவள். தாத்தாவுக்கு மாத்தளையில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிற வேலை. எங்கள் தெருவுக்கு மலைநாடு முழுக்கக் கண்டிதான் என்பதால் அந்தப் பெயர். தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோவதற்கு ரெண்டு வருஷம் முந்தி, 1962ல், தலைமன்னாரில் கப்பலேறி, இந்தக் கரையில் ரயில் பிடித்து வந்து சேர்ந்தவர்கள். அதற்கப்புறம் ஆச்சிக்கு அந்த நாட்டோடு இருந்த ஒரே உறவு இலங்கை வானொலி. மற்றதெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து எங்களுக்குச் சொன்ன கதைகள். "கிழவி அளந்து விடுதா" என்று பெரியவர்கள் சிரிப்பார்கள்.

அதிலும் பெரிய அளப்பு, "அங்கன ஆனைக்குக் கொம்பு கிடையாது" என்பது. மாமா பையன் விடுவானா? "அப்ப அம்புட்டும் பொட்டை ஆனையா ஆச்சி? குட்டி எப்படிப் போடும்?" "போல மூதி" என்று விசிறிக் கட்டையை எடுப்பாள்.

ஆகஸ்ட் மாதம் மின்னேரியா குளத்தில் கொண்டுபோய் ஜீப்பை நிறுத்தினார்கள். மூன்றாம் நூற்றாண்டில் மகாசேனன் என்ற ராஜா வெட்டிய குளம். குளம் என்றால் நம்ம ஊர்க் குளம் மாதிரி இல்லை, அக்கரை கண்ணுக்குத் தெரியாது. கோடையில் தண்ணீர் உள்வாங்க உள்வாங்க, குளத்துக்குள்ளேயே பச்சைப் புல் முளைக்கும். சுற்றுக் காட்டில் எல்லாம் காய்ந்து கிடக்கிற நேரத்தில் தண்ணீரும் புல்லும் ஒரே இடத்தில் கிடைத்தால் யானை வேறெங்கே போகும்? இருநூறு, முந்நூறு வரைக்கும் சேருமாம். நான் எண்பத்து மூன்று வரை எண்ணினேன், அதற்குள் ஒரு கூட்டம் இடம் மாறிக் கணக்கு குழம்பிவிட்டது. குட்டிகளைக் காலுக்கு நடுவில் விட்டுக்கொண்டு, காலால் புல்லைச் செதுக்கி, தும்பிக்கையால் சுருட்டி, மண்ணை உதறி, அப்புறம்தான் வாய்க்குள். கீரை ஆயுற மாதிரி அவ்வளவு நிதானம்.

ஒன்றுக்கும் கொம்பு இல்லை! தனியாக நின்ற பெரிய ஆண் யானைகளுக்கும் இல்லை. ஜீப் ஓட்டிய சிங்களக்காரர் வேன் தம்பியிடம் சொல்லி, தம்பி எனக்குச் சொன்னார்: கொம்பில்லாத யானைக்கு சிங்களத்தில் அலியா, கொம்பனுக்கு எத்தா. பெயரே வேறு. அங்கே ஆண் யானைகளில் நூற்றுக்கு ஏழு அளவில்தான் கொம்பு. நம்ம பொதிகை மலையில் கொம்பில்லாத ஆணைத்தான் தேடிப் பார்க்க வேண்டும். நூற்றுக்கணக்கான வருஷம் கொம்பனாகப் பார்த்துப் பிடித்து ஏற்றுமதி செய்ததும், வெள்ளைக்காரன் காலத்தில் சுட்டுத் தள்ளியதும் காரணம் என்கிறார்கள்.

சுட்டவன் கதையும் ஆச்சி சொன்னதுதான். "ஆயிரம் ஆனையைச் சுட்ட தொரை மேல இடி விழுந்துச்சு. குழிக்குள்ள வெச்ச பொறவும் விடல." இதற்கு நாங்கள் சிரித்த சிரிப்பு கொஞ்சமில்லை. அந்தத் துரையின் பெயர் மேஜர் தாமஸ் ரோஜர்ஸ். கணக்கு ஆயிரமும் இல்லை, ஆயிரத்து நானூறு. 1845ல் ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்தான், நுவரெலியாவில் புதைத்தார்கள். கல்லறை மேலும் இடி விழுந்ததாகத்தான் அங்கே இன்றைக்கும் பேச்சு. ஆச்சி குறைத்துத்தான் சொல்லியிருக்கிறாள்.

நான் கண் கலங்கினது யானையைப் பார்த்து இல்லை. காட்டுக்குள் நுழையுமுன் ஜீப்காரர் இறங்கி, பக்கத்துச் செடியில் ஒரு கொப்பை ஒடித்து, தாழ்வான கிளை ஒன்றில் தொங்கவிட்டுக் கும்பிட்டார். அங்கே ஏற்கெனவே காய்ந்ததும் பச்சையுமாக நிறையக் கொப்புகள். யாருக்கு என்று கேட்டேன். "அய்யநாயக்க தெய்யோ" என்றார். குளத்துக்கும் காட்டுக்கும் காவல் தெய்வம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பங்குனி உத்திரத்துக்குச் சோற்றைக் கட்டிக்கொண்டு குளத்தங்கரைச் சாஸ்தாவைத் தேடிப் போகிற குடும்பம் எங்களுடையது. "அங்கயும் நம்ம அய்யனார்தாம்ட்டி, சிங்களத்தானும் கும்பிடுவான்" என்று ஆச்சி சொன்னபோது அம்மாவே நம்பவில்லை.

கும்பிடுகிற கைதான் வெடியும் வைக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். காய்க்குள் வெடிமருந்தை வைத்துப் போடுவார்கள், ஹக்க பட்டாஸ் என்று பெயர். நம்ம பக்கத்து அவுட்டுக்காயேதான். பன்றிக்கு வைத்ததை யானைக் குட்டி கடித்தால் தாடை போய்விடும், தின்ன முடியாமல் பட்டினி கிடந்து சாகும். 2023ல் மட்டும் அந்தச் சின்ன நாட்டில் 400 யானைக்கு மேல் செத்திருக்கிறது. யானையால் செத்த மனிதர்களும் 150க்கு மேல். ராத்திரி முழுக்கப் பரணில் முழித்துக் கிடக்கிற விவசாயியிடம் போய் நான் நியாயம் பேச முடியாது. கடையத்துப் பக்கம் வாழை போட்டவர்களைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள்.

சாப்பாடு பற்றி ஒன்றே ஒன்று. இடியப்பத்துக்குச் சொதி ஊற்றினார்கள். மஞ்சளும் பச்சை மிளகாயும் போட்ட தேங்காய்ப்பால், தண்ணியாக. நல்லாத்தான் இருந்தது. ஆனால் பாசிப்பருப்பும் முருங்கைக்காயும் போட்டு, இஞ்சிப் பச்சடியோடு மறுவீட்டுக்கு வைக்கிற எங்கள் சொதிக்குப் பக்கத்தில் அதை வைக்க மாட்டேன். இதில் ஆச்சி என் கட்சி.

பாக்கி இருந்தது தேவாங்கு. கடைக்குப் பின்னாலிருந்த பலாமரத்தில் ராத்திரி தேவாங்கு விசிலடிக்கும் என்பாள். மாத்தளைப் பக்கம் ஒருவர் சிவப்பு விளக்கோடு கூட்டிப் போனார். மூணு மணி நேரம் கழுத்து வலிக்க மரம் மரமாக அண்ணாந்து பார்த்தோம். மழை வந்துவிட்டது.

ஊருக்கு வந்த அன்றைக்கே மாமா பையன் வந்தான். அவனுக்கும் இப்போது பாதி தலை நரை. யானைப் படங்களை எல்லாம் ஒவ்வொன்றாகக் காட்டினேன். ரோஜர்ஸ் கதையைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தேவாங்கு பாத்தியாட்டி?" என்றான்.

"இல்லடே."

"நாந்தான் அப்பவே சொன்னேம்லா" என்று காப்பியை எடுத்துக்கொண்டான்.