கேசட் டெக்கை நான் கழற்றப் போவதில்லை

என்னிடம் இருப்பது 2003ஆம் ஆண்டு புரோட்டோன் வீரா. கேசட் டெக்கோடு வந்த வண்டி, இன்னும் அதே டெக். "அக்கா, ஆண்ட்ராய்டு ஸ்கிரீன் போட்டுடுங்க" என்று தாமானில் எல்லாத் தம்பிகளும் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். டியூஷன் முடித்து கெப்போங்கிலிருந்து வீட்டுக்கு ஜாமில் ஊர்ந்து வரும்போது எனக்குப் பாட்டு போதும், படம் வேண்டாம்.

ஆனால் பாட்டு இருப்பது போனில். அதை டெக்குக்குள் எப்படிக் கொண்டுபோவது?

முதலில் எல்லாரும் வாங்குவது எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர். பசார் மாலாமிலேயே கிடைக்கும். சிகரெட் லைட்டர் துளையில் செருகி, போனை புளூடூத்தில் இணைத்து, காலியாக உள்ள அலைவரிசைக்கு ரேடியோவைத் திருப்பினால் பாடும். கோலாலம்பூரில் காலி எங்கே இருக்கிறது? வானொலி நிலையங்களே வரிசையாக நிற்கின்றன: மின்னல் 96.3, பக்கத்திலேயே சினார் 96.7, கொஞ்சம் தள்ளினால் ஹாட் 97.6, பிறகு ராகா 99.3. அந்தக் குட்டிக் கருவிக்கு இருக்கும் சக்தியை வைத்துக்கொண்டு இவர்களோடு மோதுவது, நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரகசியம் பேசுகிற கதைதான். ஈப்போவுக்குப் போகும் வழியில் இன்னும் வேடிக்கை. ராவாங்கில் காலியாக இருந்த இடத்தில், தஞ்சோங் மாலிம் தாண்டியதும் யாரோ செய்தி வாசிப்பார்.

அதனால் நான் கேசட் அடாப்டர் கட்சி. பார்க்க சாதாரண கேசட்தான், ஓரத்தில் ஒரு வயர் தொங்கும். உள்ளே நாடா கிடையாது. நாடாவைப் படிக்கும் டெக்கின் ஹெட் வந்து தொடும் இடத்தில் இன்னொரு சின்ன ஹெட் உட்கார்ந்திருக்கிறது. போனிலிருந்து வரும் ஒலியை அது காந்தப்புலமாக மாற்றித் தர, டெக் அதை நாடா என்று நம்பிப் பாடுகிறது. கூடவே சில பற்சக்கரங்கள். அவை சுற்றாவிட்டால் நாடா முடிந்துவிட்டதென்று டெக் மறுபக்கம் திரும்பிவிடும், ஆட்டோ ரிவர்ஸ் உள்ளவற்றில் இது பெரிய தொல்லை. மலிவான அடாப்டரில் இந்தச் சக்கரங்கள் கடகடவென்று சத்தம் போடும், பாட்டு மெதுவாகும் இடங்களில் நன்றாகவே கேட்கும். போன் வால்யூமை முக்கால்வாசிக்கு மேல் ஏற்றாதீர்கள், குரல் கரகரக்கும். அப்படியும் ஒலி மங்கினால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் டெக் ஹெட்டைத் துடையுங்கள். குச்சி பழுப்பாக வெளியே வரும்போது காரணம் புரியும். அடாப்டரை வெயிலில் டாஷ்போர்டின் மேல் மட்டும் விட்டுவிடாதீர்கள், வளைந்துபோகும்.

போனில் ஹெட்போன் துளை இல்லையே என்பீர்கள். ஐபோனில் 2016இலேயே எடுத்துவிட்டார்கள், மற்றவர்களும் ஒவ்வொருவராக எடுத்துவிட்டார்கள். பேட்டரியில் ஓடும் சின்ன புளூடூத் ரிசீவர் ஒன்றை வாங்கி அடாப்டரின் வயரை அதில் செருகிவிட்டால் தீர்ந்தது.

என் தம்பி தன் பழைய மைவி காரில் ஆக்ஸ் உள்ள ரேடியோ, அதாவது போனை வயரால் நேராக இணைக்கும் துளை உள்ளது, போட்டான். போனை சார்ஜில் வைத்துக்கொண்டே பாட்டுப் போட்டால் 'ங்ஙீ' என்று ஒரு சத்தம், எண்ணெயை மிதிக்க மிதிக்க அதுவும் ஏறியது. ஸ்பீக்கர் போய்விட்டதென்று ஜாலான் ஈப்போ பக்கம் ஒரு வயரிங் கடைக்குப் போனோம். கடைக்கார அண்ணன் ஸ்பீக்கரைத் தொடவே இல்லை. "சார்ஜரப் புடுங்குப்பா" என்றார். சத்தம் நின்றது. சார்ஜர் வழியாக ஒரு எர்த், ஆக்ஸ் வயர் வழியாக இன்னொரு எர்த், இரண்டும் சேர்ந்து வட்டமானதில் வண்டிக்கு மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் இரைச்சல் உள்ளே நுழைந்திருக்கிறது. அந்த வட்டத்தை உடைக்க ஆக்ஸ் வயரின் நடுவில் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற சின்னக் கருவி ஒன்றை மாட்டிக்கொடுத்தார்.

"என் வண்டியில ஏண்ணே இது வரல?"

"ஒங்க கேசட்டுக்கும் டெக்குக்கும் நடுவுல வயரே இல்லியேம்மா, காந்தம்தானே!"

தம்பி முகத்தைப் பார்க்க வேண்டுமே.

ரேடியோவையே மாற்றித்தான் ஆகவேண்டும் என்பவர்களுக்கு ஒன்று. பழைய வயரை வெட்ட விடாதீர்கள், பொருத்தமான சாக்கெட் கேட்டு வாங்குங்கள். வழக்கமாக ரேடியோவின் மஞ்சள் வயருக்கு எப்போதும் மின்சாரம் வேண்டும், சிவப்பு சாவியோடு வருவது. இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் வண்டியை அணைக்கும்போதெல்லாம் நிலையங்கள் அழிந்துவிடும். பாட்டு ஏற்றும் பென்டிரைவை ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மட் செய்யுங்கள், மலிவான ரேடியோக்கள் வேறெதையும் படிப்பது அரிது. பாட்டின் பெயரைத் தமிழில் வைத்தால் பல ரேடியோக்களில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். வரிசையும் பெரும்பாலும் நீங்கள் காப்பி செய்த வரிசைதான், எனவே பக்திப் பாடல்களை முதலில் ஏற்றுங்கள், குத்துப் பாட்டு பிறகு. அம்மாவை பத்துமலைக்குக் கூட்டிப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன்.