கொழுப்புச் செல் கேள்வியா? நேரக்கோட்டிலிருந்து தொடங்குங்கள்

தேர்வு முடிவு வந்த சூட்டோடு எழுதுகிறேன், ஏனென்றால் மதிப்பெண் கைநழுவும் இடம் இப்போது தெளிவாகத் தெரிகிறது. கொழுப்புச் செல் வளர்ச்சியை நொதி எப்படிக் கட்டுப்படுத்துகிறது என்று கேட்டால், மரபணுக்களை இயக்கும் புரதங்களான பிபிஏஆர் காமா, சி/ஈபிபி ஆல்ஃபா என்று பெயர்களை அடுக்கிப் பயனில்லை. எது, எந்த மணியில், எந்த நொதி தொட்டதால் வேலைக்கு வருகிறது என்பதுதான் கேள்வி.

முதலில் ஒரு கோடு போடுங்கள். 3டி3-எல்1 செல்கள் (கொழுப்புச் செல்லாக மாறக்கூடிய சுண்டெலிச் செல்கள்) தட்டை நிறைத்து இரண்டு நாள் கழித்துத் தூண்டல் கலவை சேர்க்கும் நேரம் பூஜ்யம். சுமார் 4 மணி நேரத்தில் அதே குடும்பத்துப் புரதமான சி/ஈபிபி பீட்டா உருவாகிவிடும். ஆனால் டிஎன்ஏவைப் பிடிக்காது. பிடிக்க 14 மணி நேரத்துக்கு மேல் ஆகும். விடையின் உயிரே இந்த இடைவெளிதான். முதலில் மேப் கைனேஸ் என்ற நொதி இந்தப் புரதத்தின் 188-ஆவது அமினோ அமிலமான திரியோனினில் ஒரு பாஸ்பேட்டை ஏற்றுகிறது. பிறகு அதை சிடிகே2 என்ற நொதி தக்கவைக்கிறது. அது இருந்தால்தான் மூன்றாவது நொதியான ஜிஎஸ்கே-3 பீட்டா 184-ஆவது செரினிலோ 179-ஆவது திரியோனினிலோ அடுத்ததை ஏற்றும். இரண்டும் ஏறிய பிறகே புரதம் ஜோடி சேர்ந்து டிஎன்ஏவில் உட்காரும். இந்த வரிசையைத் தலைகீழாக எழுதினால் விடையே போய்விடும். எண்கள் சுண்டெலிப் புரதத்துக்கு உரியவை. மனிதப் புரதத்தில் 188-க்கு நிகரானது 235.

தாமதம் ஏன்? டிஎன்ஏவில் உட்கார்ந்த சி/ஈபிபி பீட்டாதான் சி/ஈபிபி ஆல்ஃபாவை உருவாக்கத் தூண்டுகிறது. சி/ஈபிபி ஆல்ஃபா செல் பிரிவை நிறுத்தும். அது முந்திக்கொண்டால், தூண்டலுக்குப் பின் நடக்க வேண்டிய ஓரிரு சுற்றுப் பிரிவு நடக்காது. இந்தக் காரணத்தை ஒரு வரியாவது எழுதுங்கள்.

பலரும் விழும் பள்ளம் லித்தியம் குளோரைடு, அதாவது ஜிஎஸ்கே-3 தடுப்பான். அதைக் கொடுத்ததும் கொழுப்புத் துளிகள் குறைந்தன என்று படம் தருவார்கள். உடனே சி/ஈபிபி பீட்டாவைக் கைகாட்டிவிடாதீர்கள். ஜிஎஸ்கே-3 பீட்டா என்ற நொதி, பீட்டா கேட்டெனின் என்ற வேறொரு புரதத்தையும் சிதைவுக்கு அனுப்புகிறது. நொதியைத் தடுத்தால் பீட்டா கேட்டெனின் தேங்கும், அது செயல்படும் வின்ட் சமிக்ஞைப் பாதை வழியாகவும் கொழுப்பாக்கம் நிற்கும். இரண்டு பாதைக்கும் விளைவு ஒன்றே. பிரித்துக் காட்ட, சி/ஈபிபி பீட்டாவில் பாஸ்பேட் ஏறும் அந்த இடங்களை, பாஸ்பேட் ஏற முடியாத அலனினாக மாற்றி, டிஎன்ஏ பிணைப்பை அளக்க வேண்டும் என்று எழுதுங்கள்.

செய்முறைக்கு:

- தூண்டல் கலவை: ஐபிஎம்எக்ஸ் 0.5 மில்லிமோலார், டெக்ஸாமெத்தசோன் 1 மைக்ரோமோலார், இன்சுலின் மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம். 48 மணி நேரம். அடுத்த இரண்டு நாள் இன்சுலின் மட்டும்.
- வளர்ப்பின்போது தட்டு 70 சதவீதம் நிரம்புவதற்குள் செல்களை வேறு தட்டுகளுக்குப் பிரித்துவிடுங்கள். முழுக்க நிரம்பவிட்டுப் பிரித்த செல்கள் பிற்பாடு கொழுப்பாக மாறத் தயங்கும்.
- புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் சி/ஈபிபி பீட்டாவுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பட்டை வரும். 20 கிலோடால்டன் அருகே நிற்கும் குட்டை வடிவத்தில் மரபணுவைத் தூண்டும் பகுதி கிடையாது. அதையும் சேர்த்துக் கணக்கிட்டால் முடிவு தவறும்.
- கொழுப்பைச் சிவப்பாக்கும் சாயமான ஆயில் ரெட் ஓ கரைசலைத் தண்ணீர் கலந்து பத்து நிமிடம் விட்டு வடிகட்டுங்கள். வடிகட்டாவிட்டால் சிவப்புப் படிகங்கள் துளிகளைப் போலவே தெரியும்.
- தடுப்பானை ஆறாம் நாள் சேர்த்துச் சாயம் குறைந்தால், அது கொழுப்புச் சேமிப்பு குறைந்ததாகவும் இருக்கலாம். செல் உருவாக்கத்தைப் பற்றிப் பேச, முதல் 24 மணி நேரத்துக்குள் சேர்த்த தட்டு வேண்டும்.