ஈஸ்ட் ஹாமின் பழைய கிராமத்துச் சர்ச்

லண்டனுக்கு வந்த புதிதில் ஈஸ்ட் ஹாமை ஓர் ஊர் என்றே நான் நினைக்கவில்லை. பெரிய கடைத்தெரு, அவ்வளவுதான். ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் முருங்கைக்காய் கிடைக்கும், சரவண பவனில் காபி கிடைக்கும், நாள் முழுக்கத் தமிழிலேயே ஓட்டிவிடலாம். வசதிதான். ஆனால் நம் ஆட்கள் வருவதற்கு முன்னால் இங்கே என்ன இருந்தது என்று கேட்டால், அறைத்தோழர்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

அந்தக் கேள்விக்கு விடை தெற்குப் பக்கம் இருந்தது. டவுன் ஹாலைத் தாண்டி நேரே நடந்தால், லாரிகள் பறக்கும் ஏ13 சாலைக்குப் பக்கத்திலேயே ஒரு மரக்கூட்டம் தெரியும். அதற்குள் இருப்பது புனித மகதலேனா மரியாள் சர்ச். 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த நார்மானியர் காலத்தில் கட்டியது. அப்போது ஈஸ்ட் ஹாம், தேம்ஸ் கரைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய, எசெக்ஸ் மாவட்டத்துக் கிராமம். லண்டனோடு முறைப்படி சேர்ந்ததே 1965இல்தான்.

கும்பகோணம் பக்கம் வளர்ந்தவனுக்குப் பழைய கட்டடம் என்றால் உயரம் வேண்டும். இங்கே உயரம் கிடையாது. எசெக்ஸில் நல்ல கட்டடக்கல்லும் கிடையாது. சிக்கிமுக்கிக் கல்லையும் வெளியிலிருந்து வந்த கல்லையும் சாந்தில் பதித்து எழுப்பிய தடித்த சுவர். உள்ளே போனால் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று பகுதிகள். முதலில் மக்கள் கூடும் நீண்ட மண்டபம், அப்புறம் குருவானவருக்கான பகுதி, கடைசியில் கிழக்கே அரைவட்டமாக முடியும் பீடப்பகுதி. நம் தூங்கானை மாடக் கோயில்களின் பின்புறம் வளையுமே, அதே வளைவு. 13ஆம் நூற்றாண்டிலிருந்து இங்கிலாந்துக்காரர்கள் பெரும்பாலும் இந்த அரைவட்டங்களை இடித்துச் சதுரமாக்கிவிட்டார்கள். மூன்று பகுதிகளும் கலையாமல் நிற்கும் நார்மானியக் கிராமச் சர்ச் அபூர்வம்.

எனக்குப் பிடித்தது நடுப்பகுதியின் சுவர். அங்கே அலங்காரத்துக்காகச் செதுக்கிய வட்ட வளைவுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகின்றன. வெட்டும் இடங்களில் எல்லாம் கூரான வளைவுகள் தானாக உருவாகியிருக்கின்றன. கூர்வளைவை வைத்தே கட்டும் காதிக் பாணி இங்கிலாந்தில் பரவியது அதற்குப் பிறகுதான். மேற்கே இருக்கும் கோபுரம் பின்னால் ஒட்டவைத்தது. அதனால் பழைய வெளிவாசல் இப்போது கோபுரத்துக்கு உள்ளே அகப்பட்டுக்கொண்டிருக்கிறது.

இது எப்படித் தப்பியது? எசெக்ஸுக்கு வடக்கே இருக்கும் சஃபோக் மாவட்டத்தில் லாவன்ஹாம், லாங் மெல்ஃபோர்டு போன்ற ஊர்கள் 15ஆம் நூற்றாண்டில் கம்பளித் துணி வியாபாரத்தில் கொழித்தன. அந்தப் பணத்தில் பழைய சர்ச்சுகளைப் பெரிதாகப் புதுப்பித்துக் கட்டினார்கள். ஈஸ்ட் ஹாமில் அப்படிப் பணம் கொட்டவில்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜனத்தொகை பெருகியபோதும் வீடுகள் வடக்கே ரயிலடிப் பக்கம் எழும்பின, புதுச் சர்ச்சுகளும் அந்தப் பக்கமே வந்தன. காசில்லாததுதான் இதைக் காப்பாற்றியது என்பது என் கணிப்பு.

பணக்காரர் சின்னம் ஒன்றும் இல்லாமல் இல்லை. எட்மண்ட் நெவில் என்பவரின் குடும்பம் முழங்காலிட்டிருக்கும் நினைவுச்சின்னம் உள்ளே உண்டு. முதலாம் எலிசபெத் ராணிக்கு எதிராக 1569இல் நடந்த வடக்குக் கலகத்தில் பறிபோன வெஸ்ட்மோர்லேண்ட் பிரபுப் பட்டத்துக்கு உரிமை கோரியவர் அவர். பட்டம் கிடைக்கவில்லை, சிலை கிடைத்தது! ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பழங்காலக் கல்வட்டத்தை அளந்து ஆராய்ந்த வில்லியம் ஸ்டக்லியையும் 1765இல் இங்கேதான் அடக்கம் செய்தார்கள். அவர் கல்லறைக்கு அடையாளக் கல் கிடையாது.

இதைப் பார்த்த பிறகு மற்ற தெருக்களையும் வேறு கண்ணோடு பார்க்க ஆரம்பித்தேன். மேனர் பார்க்கில் நாம் வேலெடுக்கும் முருகன் கோயில் இருப்பது சர்ச் ரோட்டில். எத்தனையோ முறை போயும், எந்தச் சர்ச் என்று யோசித்ததில்லை. அதே தெருவில் லிட்டில் இல்ஃபோர்டு என்ற பழைய கிராமத்தின் சர்ச் இருக்கிறது. அதுவும் 12ஆம் நூற்றாண்டுதான்.

ஊரிலிருந்து வருகிறவர்கள் டவர் ஆஃப் லண்டன் பார்க்கத்தான் துடிக்கிறார்கள். அதற்கு டிக்கெட் விலை தெரியுமில்லையா? ஈஸ்ட் ஹாம் சர்ச்சுக்கு ஞாயிறு ஆராதனையை ஒட்டிப் போனால் உள்ளே பார்க்கலாம். கல்லறைத் தோட்டத்தை இயற்கைக் காப்பிடமாக விட்டிருக்கிறார்கள், புல்லும் முள்ளும் மண்டிக் கிடக்கும். மழை பெய்த மறுநாள் செருப்போடு போக வேண்டாம்.